மூலை வெட்டப்பட்ட ஓர் அட்டை

என்னிடம் ஒரு சிறிய காந்த அட்டை இருக்கின்றது. நீளம் ஏழு சென்ரிமீற்றர். அகலம் ஒரு சென்ரிமீற்றரும் வராது. ஒரு பக்கத்தில் காந்தப் பூச்சு. மறுபக்கத்தில் பேனையால் எழுதி மங்கிப்போன ஐந்தாறு ஆங்கிலச் சொற்களும் '65' என்ற இலக்கமும். ஒரு மூலை கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கிறது.

இதை எனக்குத் தந்தவர் உம்மாவின் தம்பி. 1970களின் பிற்பகுதியில் சவுதிக்குப் போய், வீதி போடும் ஒரு கம்பனியில் நில அளவையாளருக்கு மட்டக்கோல் பிடித்தவர். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு எனக்குத் திறமைச் சித்தி கிடைத்த அன்று தன்னுடைய பழைய நாட்குறிப்பைத் திறந்து, அதற்குள் இருந்த இந்த அட்டையை எடுத்துத் தந்தார்.

"இதுக்குள்ள ஒரு கணக்கு இரிக்கு மகன். எங்கட வெள்ளைக்காரத் தொர இத மெசினுக்குள்ள ஒரு பக்கத்தால வைப்பாரு. அது தானா இழுத்து மத்தப் பக்கத்தால விடும். அதுக்குப் பொறகு அந்த மெசினுக்குக் கணக்குத் தெரியும். மெசின அணைச்சா மறந்திரும்" என்றார்.

மெசின் எப்படியிருக்கும் என்று கேட்டேன். சட்டைப் பைக்குள் அடங்கும் என்றும், இலக்கங்கள் சிவப்பாக எரியும் என்றும் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. பல வருடங்களாக அந்த அட்டை என்னுடைய மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் அடையாளத் தாளாகவே கிடந்தது. மாமாவும் மௌத்தாகிவிட்டார்.

அந்த அட்டையைத் தேடிப் போக வைத்தது ஒரு பட்டம். கிடையுடன் 30 பாகை சாய்வில் 20 மீற்றர் நூலில் பறக்கும் பட்டத்தின் உயரம் என்ன என்று பத்தாம் வகுப்பில் வீட்டு வேலை கொடுத்திருந்தேன். விடை 10 மீற்றர். ஒரு மாணவன் −19.76 மீற்றர் என்று எழுதி வந்தான். பட்டம் மண்ணுக்குள் பறந்திருக்கிறது என்று நான் சொல்ல வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "போன்ல அடிச்சிப் பாத்தன் சேர். போன் பிழையா சொல்லும்?" என்று கேட்டான். போன் பிழை சொல்லவில்லை. அது 30 என்பதைப் பாகையாக எடுக்காமல் ரேடியனாக எடுத்திருந்தது. 30 ரேடியனின் சைன் −0.988 என்பது சரிதான். இதை அவனுக்கு விளக்கினேன். பின்னர் அவன் கேட்டதுதான் என்னை மடக்கியது: "எல்லாத்தையும் போனே செய்யுமெண்டா நாங்க என்னத்துக்கு சேர் படிக்கிற?"

பரீட்சைக்குப் போன் கொண்டு போக விடமாட்டார்கள் என்று பதில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அது பதிலல்ல என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் கணிதம் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஒருவனுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அது வெட்கம். மனிதன் முதன்முதலில் இத்தகைய இயந்திரத்தைக் கையில் எடுத்த காலத்தில் என்ன செய்தான் என்று பார்க்கலாம் எனத் தோன்றியது. அன்றுதான் மடக்கை அட்டவணைக்குள் இருந்த அட்டை நினைவுக்கு வந்தது.

அது எச்.பி.65 என்ற கணிகருவிக்குரிய அட்டை. அதன் கதை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இயங்கிய ஹியூலட் பக்கார்ட் கம்பனியில் தொடங்குகின்றது. 1968இல் அக்கம்பனி 9100ஏ என்ற மேசைக் கணிகருவியை வெளியிட்டது. சுமார் 18 கிலோகிராம் நிறையும் 4,900 டொலர் விலையும் கொண்ட அவ்வியந்திரம் சைன், கோசைன், மடக்கை யாவற்றையும் கணித்தது. கம்பனியின் நிறுவனர்களுள் ஒருவரான பில் ஹியூலட், இதே வேலையைச் செய்யும் கருவி தன்னுடைய சட்டைப் பைக்குள் அடங்க வேண்டும் என்றார். 1972ஆம் ஆண்டு தொடக்கத்தில் எச்.பி.35 வெளிவந்தது. விலை 395 டொலர். 35 விசைகள் இருந்தமையால் அந்தப் பெயர். அதுவரை பொறியியலாளர்களின் கையில் இருந்தது, ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் செல்லும் ஸ்லைட் ரூல் என்னும் அளவுகோல். அது மூன்று இலக்கத் திருத்தத்துக்கு விடை தரும்; தசமப் புள்ளி எங்கே விழும் என்பதைப் பாவிப்பவரே மனத்தால் மதிப்பிட வேண்டும். புதிய கருவி பத்து இலக்கம் தந்தது. தசமப் புள்ளியையும் தானே வைத்தது. சில வருடங்களுக்குள் ஸ்லைட் ரூல் கடைகளிலிருந்து மறைந்து போனது.

இச்சிறு கருவிக்குள் சைன் அட்டவணை எதுவும் இருக்கவில்லை. அவ்வளவு நினைவகம் அன்று கிடையாது. 1956இல் ஜக் வோல்டர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் பீ.58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டிக் கருவிக்காக ஒரு முறையை வகுத்திருந்தார். பெரிய கோணமொன்றை முன்னரே தெரிந்த சில சிறு கோணங்களாக உடைத்து, கூட்டல், கழித்தல், இலக்கங்களை இடம் நகர்த்தல் ஆகியவற்றை மட்டும் கொண்டே சைனையும் கோசைனையும் கண்டுபிடிக்கும் முறை அது. கோர்டிக் என்று பெயர். பைக் கணிகருவியும் அந்த வழியிலேயே போனது. நாம் ஒரு விசையை அழுத்த, உள்ளே ஓர் ஏழைக் கணக்குப்பிள்ளை கூட்டியும் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தான் என்று சொல்லலாம்.

அந்தக் கணக்குப்பிள்ளையும் தவறினான். முதலில் விற்பனையான எச்.பி.35களில் 2.02 என்ற எண்ணின் இயற்கை மடக்கையை எடுத்து, மறுபடி அடுக்கேற்றிப் பார்த்தால் 2.02 வராமல் 2 வந்தது. கம்பனி பிழையை ஏற்று, திருத்திய கருவியை மாற்றிக் கொடுக்க முன்வந்தது. இந்தச் சிறு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. விடை என்ன வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவரால்தான் இயந்திரம் பிழை விட்டது என்று சொல்ல முடியும்.

1974 ஜனவரியில் வெளிவந்த எச்.பி.65 இன்னும் ஒரு படி மேலே போனது. அது சொல்லிக் கொடுத்தால் கற்றுக் கொள்ளும். கையடக்கக் கருவிகளுள் செய்நிரலைக் காந்த அட்டையில் எழுதவும் அட்டையிலிருந்து வாசிக்கவும் கூடிய முதலாவது கருவி இதுவே. விலை 795 டொலர். நிறை ஏறக்குறைய 300 கிராம். ஒளிகாலும் இருவாயிகளாலான சிவப்பு இலக்கங்கள். மீளேற்றம் செய்யக்கூடிய பற்றறி. எண்களைச் சேமிக்க ஒன்பது அறைகள். செய்நிரலுக்கு நூறு படிகள்.

நூறு படிகள் மட்டுமே! இன்று நாம் அனுப்பும் ஒரு சிறு குறுஞ்செய்தியில்கூட நூறு எழுத்துக்கு மேல் இருக்கும். அந்த நூறு படிகளுக்குள் ஒரு கணக்கு முழுவதையும் அடக்க வேண்டும். "இந்த எண் பூச்சியமா? ஆமெனில் இங்கே போ, இல்லையெனில் அங்கே போ" என்று தீர்மானிக்க முடியும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்க முடியும். ஆனால் எழுதிய செய்நிரலைத் திரையில் பார்த்தால் சொற்கள் தெரியாது. ஒவ்வொரு விசையும் எந்த வரிசையில் எத்தனையாவதாக இருக்கிறது என்பதைக் காட்டும் இரட்டை இலக்கமே தெரியும். 34 என்றால் மூன்றாம் வரிசையின் நான்காம் விசை. எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்பதையும் அது காட்டாது. ஒன்பதாம் அறையில் ஓர் எண்ணை வைத்துவிட்டுச் சைன் விசையை அழுத்தினால் அந்த எண் அழிந்துவிடும். இயந்திரம் தன் சொந்த வேலைக்கு அந்த அறையை எடுத்துக்கொள்ளும். இவ்வளவையும் பாவிப்பவர் தலைக்குள் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, அதில் சமன் அடையாள விசை இல்லை. மூன்றையும் நான்கையும் கூட்டி ஐந்தால் பெருக்க வேண்டுமானால் 3, என்டர், 4, கூட்டல், 5, பெருக்கல் என்று அழுத்த வேண்டும். முதலில் எண்கள்; பின்னர் செய்கை. போலந்து நாட்டுத் தர்க்கவியலாளர் யான் வூகாசியேவிச் 1920களில் அடைப்புக்குறியே தேவைப்படாத ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். அதில் செய்கை முன்னே வரும். அதைத் திருப்பிப் போட்டதே இம்முறை. கல்யாண வீட்டில் பீங்கான்களை அடுக்குவதுபோல எண்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு தட்டுகளில் அமரும்; செய்கை வந்ததும் மேலுள்ள இரண்டும் ஒன்றாகும். ஆகவே அடைப்புக்குறிக்குள் எது, எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பது இயந்திரமல்ல, மனிதன். ஒரு கோவையை உள்ளிருந்து வெளியே பிரித்துப் பார்க்கத் தெரியாதவனுக்கு அந்த 795 டொலர் கருவியால் ஒரு பயனும் இல்லை.

கருவியை அணைத்தால் செய்நிரல் போய்விடும். மாமா சொன்னது சரி. அதனால்தான் அட்டை. அட்டையைக் கருவியின் வலப்பக்கத் துவாரத்தில் வைத்தால் சிறு மோட்டார் அதை இழுத்து இடப்பக்கத்தால் விடும். பிறகு அதே அட்டையை மேலே உள்ள துவாரத்தில் செருகி வைப்பார்கள். அப்போது அட்டையில் எழுதியிருப்பவை, ஏ முதல் ஈ வரையான ஐந்து விசைகளுக்கு மேலே பெயர்ப் பலகைபோல நிற்கும். செய்நிரல் தவறுதலாக அழிந்துவிடக் கூடாதென்றால் அட்டையின் மூலையை வெட்டிவிட வேண்டும். வெட்டிய அட்டையில் இயந்திரம் புதிதாக எழுதாது. மாமாவின் துரை அந்தக் கணக்கை இழக்க விரும்பவில்லை என்பதை இருபது வருடங்களுக்குப் பின்னர்தான் நான் விளங்கிக் கொண்டேன்.

அது என்ன கணக்கு? மங்கிய எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, ஒரு நில அளவையாளரிடமும் காட்டினேன். காணியையோ வீதியையோ மூலைக்கு மூலை அளந்து சென்று, தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரும்போது எவ்வளவு பிழை சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் கணக்கு. ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் திசைகோளையும் கொடுத்தால், அது வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு நகர்த்துகிறது என்பது நீளத்தைக் கோசைனாலும் சைனாலும் பெருக்க வரும். எல்லா நகர்வுகளையும் கூட்டினால் இரண்டும் பூச்சியமாக வேண்டும். வராவிட்டால் மிஞ்சுவது அளவீட்டின் பிழை. இருபது பக்கங்கள் என்றால் நாற்பது தடவை அட்டவணை பார்க்க வேண்டும், நாற்பது தடவை பெருக்க வேண்டும். கருவி வந்தபின் வெயிலில் நின்றபடியே விடையைப் பார்த்து, பிழை அதிகமென்றால் அன்றே திரும்ப அளக்கலாம். அட்டவணை பார்க்கும் சுமை நீங்கியது. ஆனால் கோல் பிடித்தவன் கை நடுங்கியதா, சரியான புள்ளியில் நின்றானா என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

1975 ஜூலையில் இக்கருவி விண்வெளிக்கும் போனது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் அப்பலோவும் சோவியத்தின் சோயுசும் வானத்தில் சந்தித்துப் பிணைந்த பயணம் அது. ஜூலை 17இல் இணைப்பு நடந்தது. தோமஸ் ஸ்ராபோர்ட், வான்ஸ் பிராண்ட், டொனல்ட் ஸ்லேட்டன் ஆகிய மூவரும் அப்பலோவில் இருந்தனர். அலெக்சி லியோனொவ், வலேரி குபாசொவ் இருவரும் சோயுசில் இருந்தனர். சோயுசை நெருங்குமுன் பாதையைத் திருத்தும் கணக்குகளை அமெரிக்கர்கள் எச்.பி.65இலும் செய்தனர். நாசா விஞ்ஞானிகள் எழுதிய, ஏறத்தாழ ஆயிரம் படிகள் கொண்ட செய்நிரல்கள் பல அட்டைகளில் பதியப்பட்டிருந்தன. விண்கலத்தின் கணினி பழுதடைந்து, தரை நிலையங்களுடனும் தொடர்பு இல்லாத நேரமாக இருந்தால் இச்சிறு கருவியே துணை. நூறு படிக் கருவியில் ஆயிரம் படிக் கணக்கை, அட்டை அட்டையாக உடைத்துச் செய்திருக்கிறார்கள்.

அதே ஆண்டில், இதைவிடப் பெரிதென்று நான் கருதும் ஒரு காரியம் தரையிலே நடந்தது. அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் மிற்சல் பைகன்பாம் என்ற முப்பது வயதுப் பௌதிகவியலாளர் எச்.பி.65 ஒன்றை வைத்து எளிய சமன்பாடு ஒன்றுடன் போராடிக் கொண்டிருந்தார். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை எடுக்க வேண்டும். அதையும், ஒன்றிலிருந்து அதைக் கழித்து வருவதையும், வேறொரு நிலையான எண்ணையும் பெருக்க வேண்டும். வரும் விடையை மீண்டும் அதே கணக்குக்குள் போட வேண்டும். இப்படியே தொடர வேண்டும். நிலையான எண் 3க்குக் கீழே இருந்தால் விடை ஓரிடத்தில் நின்றுவிடும். 3ஐத் தாண்டினால் இரண்டு விடைகளுக்கிடையே ஊசலாடும். 3.449490இல் நான்கு, 3.544090இல் எட்டு, 3.564407இல் பதினாறு, 3.568759இல் முப்பத்திரண்டு எனப் பிரிந்துகொண்டே போகும்.

கருவி மெதுவானது. ஒவ்வொரு பிரிவையும் கண்டுபிடிக்க அது அதிக நேரம் எடுத்தது. காத்திருந்த நேரத்தில் பைகன்பாம் அடுத்த பிரிவு எங்கே வரக்கூடும் என்று ஊகிக்கத் தொடங்கினார். ஊகிப்பதற்கு இடைவெளிகளை ஒப்பிட வேண்டும். வாசகர்களும் மேலுள்ள எண்களைக் கொண்டு செய்து பார்க்கலாம். இடைவெளிகள் 0.449490, 0.094600, 0.020317, 0.004352. ஒன்றை அடுத்ததால் வகுத்தால் 4.75, 4.66, 4.67. தொடர்ந்து போனால் இது 4.6692 என்ற எண்ணை நோக்கிச் செல்கின்றது. பின்னர் சைன் சார்பைக் கொண்ட முற்றிலும் வேறான சமன்பாட்டில் பார்த்தார். அங்கும் அதே எண்! ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மைக்குப் போகும் பாதையில் பையைப் போல ஒரு மாறிலி ஒளிந்திருந்தது. 1978இல் அவரது கட்டுரை வெளிவந்தது. இன்று அந்த எண் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. விரைவான பெரிய கணினியிடம் அதே கணக்கைக் கொடுத்திருந்தால் அது எண்களை அடுக்கிக் கொட்டியிருக்கும். ஊகிக்க வேண்டிய தேவையே வந்திராது.

இதை வைத்துப் பழையதே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 795 டொலர் என்பது அன்று கோல் பிடித்த என் மாமா கனவிலும் காணாத பணம். அந்த மெசினை அவர் ஒரு தடவையேனும் தொட்டதில்லை. போட்டியாளர்களும் விலையை விரைவாகவே இறக்கினார்கள். 1977இல் ரெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனியின் ரீ.ஐ.59, 960 படிகள் வரை கொள்ளும் வசதியோடு 300 டொலருக்கு வந்தது. அணைத்தாலும் மறக்காத கருவிகளும் வந்தன. இன்று என்னுடைய மாணவனின் கையிலுள்ள போன் இவை யாவற்றையும் விழுங்கியது. ஏழைப் பிள்ளையின் கைக்கும் அது வந்தது நல்லதே. மடக்கை அட்டவணையில் கண் வலிக்கத் தேடிய நாட்களை நான் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் எச்.பி.65ஐக் கையில் எடுத்தவன், விடையைக் கேட்குமுன் வழியைச் சொல்ல வேண்டியிருந்தது. வழி தெரிந்தவனின் களைப்பைத்தான் அது போக்கியது. பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே, வழிமுறையைக் குறிக்கும் அல்கோரிதம் என்ற சொல் பிறந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கந்தில் இருந்த ஜம்ஷீத் அல்-காஷி, 1 பாகையின் சைனைக் கேத்திரகணிதத்தால் பெற முடியாதபோது, விடையை மீண்டும் மீண்டும் அதே கணக்குக்குள் போட்டு அதை நெருங்கினார். மெசின் இல்லாத காலத்திலும் செய்நிரல் இருந்திருக்கிறது.

கடந்த தவணையில் அந்தக் கணக்கையே பத்தாம் வகுப்புக்குக் கொண்டு போனேன். பழைய கணிகருவிகளைப்போல நடந்துகொள்ளும் செயலிகள் இப்போது போனில் கிடைக்கின்றன. அப்படியொன்றை என்னுடைய போனில் இறக்கி வைத்திருந்தேன். அதைத் தொடுமுன் வழியைக் கொப்பியில் எழுத வேண்டும் என்றேன். பட்டத்தை மண்ணுக்குள் பறக்கவிட்ட மாணவன்தான் கரும்பலகையில் எழுதினான்: எண்ணை எடு, அதன் கனத்தைக் காண், நான்கால் பெருக்கு, 3 பாகையின் சைனைக் கூட்டு, மூன்றால் வகு, முதலிலிருந்து தொடங்கு. 3 பாகையின் சைனில் மூன்றிலொரு பங்கான 0.0174453187 என்ற எண்ணிலிருந்து ஆரம்பித்தோம். முதல் சுற்றில் 0.0174523978. இரண்டாம் சுற்றில் 0.0174524064. மூன்றாம் சுற்றில் எண் அசையவில்லை.

"நிண்டுட்டு சேர்" என்றான். பிறகு, நான் சொல்லாமலே சைன் விசையை அழுத்தி ஒப்பிட்டுப் பார்த்தான். அழுத்துமுன் திரையின் மூலையில் பாகை என்று இருக்கிறதா என்றும் பார்த்துக் கொண்டான்.

அவனுடைய பழைய கேள்விக்கு அன்றும் நான் வாயால் பதில் சொல்லவில்லை. மாமாவின் அட்டையை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மூலைய ஏன் சேர் வெட்டியிருக்கு?" என்று கேட்டான்.